பணியோட்ட மென்பொருளின் பதிப்பு ஆதரவும் ஆயுள் முடிவும்: அப்பாச்சி ஏர்ஃப்ளோவை முன்வைத்து

பணியோட்ட அட்டவணை மென்பொருள் என்பது, ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒரே நேரத்திலோ ஓட வேண்டிய கணினிப் பணிகளுக்கு நேரத்தையும் வரிசையையும் வகுத்து, எது முடிந்தால் எது தொடங்கலாம், எது தோற்றால் எதை நிறுத்த வேண்டும், தோற்றதை எத்தனை முறை திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் மென்பொருளாகும். வங்கியின் நாள்முடிவுக் கணக்கும், கடைகளின் விற்பனைத் தரவு தலைமையகத்துக் கிடங்கில் வந்து சேர்வதும், காலையில் மேலாளர் மேசைக்கு வரும் அறிக்கையும் பெரும்பாலும் இரவோடு இரவாக இத்தகைய மென்பொருளின் கையில்தான் நடந்து முடிகின்றன. அது ஒழுங்காக ஓடும்வரை நிறுவனத்தில் பலருக்கு அதன் பெயரே தெரிவதில்லை. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை அறிந்தவர்கள் அதனினும் குறைவு. அந்தப் பதிப்புக்கு உருவாக்கியோர் தரும் ஆதரவு நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வரும்போதுதான், எத்தனை பணிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்ற கணக்கெடுப்பே தொடங்குகிறது.

ஆதரவு என்ற சொல்லுக்கு இத்துறையில் மூன்று படிநிலைகள் உண்டு. முழு ஆதரவுக் காலத்தில் புதிய வசதிகளும், வழுத் திருத்தங்களும், பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். வரையறுக்கப்பட்ட ஆதரவுக் காலத்தில் பாதுகாப்பு ஓட்டைகளையும் மிகக் கடுமையான வழுக்களையும் மட்டும் அடைப்பார்கள். அதன்பின் வருவது ஆயுள் முடிவு; அந்த நாளுக்குப் பிறகு கண்டறியப்படும் எந்தக் குறைக்கும் அந்தப் பதிப்பில் திருத்தம் வராது. ஆயுள் முடிந்த மறுநாளும் மென்பொருள் முந்தைய நாள் ஓடியது போலவே ஓடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். எதுவும் நிற்காததால் எதையும் செய்யத் தோன்றுவதில்லை.

இச்சிக்கல் எல்லா அட்டவணை மென்பொருளுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. யூனிக்ஸ் உலகின் கிரான் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. 1979இல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்ததும், 1987இல் பால் விக்ஸி எழுதிய வடிவத்தில் பரவலானதுமான இந்தச் சிறு நிரலில், நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து புலங்களை எழுதி, அவற்றுக்கு அடுத்து ஒரு கட்டளையைக் குறித்துவிட்டால் போதும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கிரான் வரியை இன்றைய லினக்ஸ் கணினியில் ஒட்டினாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். கட்டளைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கிரான் பார்ப்பதில்லை. நேரம் வந்ததும் அதை ஏவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பயனரின் நிரலும் அட்டவணை நிரலும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரே ஒரு வரி என்பதால், ஒன்றின் ஆயுள் மற்றொன்றைப் பாதிப்பதில்லை. பதிப்பு ஆதரவு பற்றிய இந்த ஆய்வின் மையக் கருத்தும் இதிலிருந்தே பிறக்கிறது: ஆயுள் முடிவால் வரும் செலவைத் தீர்மானிப்பது ஆதரவு அறிவிப்பில் அச்சிட்ட தேதி அல்ல, பயனர் எழுதிய நிரல் அந்த மென்பொருளின் உள்ளுறுப்புகளோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்பதே.

அப்பாச்சி ஏர்ஃப்ளோ இந்தப் பின்னலைத் தெளிவாகக் காட்டும் மென்பொருள். 2014 அக்டோபரில் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷ்மேன் தொடங்கிய இத்திட்டம், 2015இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்பகத்துக்குள் வந்து, 2019 ஜனவரியில் அதன் முதல்நிலைத் திட்டமாக உயர்ந்தது. இதில் ஒவ்வொரு பணியோட்டமும் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு கோப்பு. அதற்கு டேக் என்று பெயர். பணிகளைப் புள்ளிகளாகவும் அவற்றின் வரிசையை அம்புகளாகவும் வரைந்தால் எந்த அம்பும் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வராத வரைபடம் கிடைக்கும் என்பதால் வந்த பெயர் அது. ஒரு கட்டளையை மட்டும் எழுதிவைக்கும் கிரானைப் போலன்றி, டேக் கோப்பு ஏர்ஃப்ளோவின் வகுப்புகளை இறக்குமதி செய்து, ஏர்ஃப்ளோ நிறுவப்பட்ட அதே பைத்தான் சூழலுக்குள் வாசிக்கப்படுகிறது. இதனால் ஏர்ஃப்ளோவை உயர்த்துவதும் அதன் கீழுள்ள பைத்தானை உயர்த்துவதும், அதனருகில் உள்ள நிரல்தொகுப்புகளை உயர்த்துவதும், அவற்றையெல்லாம் பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான டேக்குகளைத் திருத்துவதும் ஒரே வேலையாகிவிடுகின்றன.

ஏர்ஃப்ளோவின் பதிப்பு வரலாற்றில் இரண்டு பெரிய திருப்பங்கள் உள்ளன. 1.10 தொடரின் முதல் வெளியீடு 2018 ஆகஸ்ட் 27 அன்று வந்தது. 2020 டிசம்பர் 17 அன்று 2.0 வெளியான அதே நாளில் 1.10 தொடர் வரையறுக்கப்பட்ட ஆதரவுக்குத் தள்ளப்பட்டு, சரியாக ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 17 அன்று ஆயுள் முடிந்தது. அதாவது புதிய பெரும்பதிப்பு வந்த நாளிலிருந்து பழையதைவிட்டு வெளியேற ஆறே மாதம். அடுத்த திருப்பத்தில் அளவு மாறியது. 2025 ஏப்ரல் 22 அன்று 3.0 வந்தபோது, 2 தொடருக்கு 2025 அக்டோபர் 22 வரை முழு ஆதரவும், அதன்பின் 2026 ஏப்ரல் 22 வரை வரையறுக்கப்பட்ட ஆதரவும் என ஓராண்டு அவகாசம் குறிக்கப்பட்டது. முதல் திருப்பத்தைவிட இரண்டு மடங்கு தாராளம் என்றாலும், ஒரு பெரிய நிறுவனத்தின் நிதி ஒதுக்கீடு, சோதனைச் சூழல், ஆண்டுமுடிவுத் தடைக்காலம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் ஓராண்டும் நீண்ட காலம் அல்ல. தன்னார்வலர்களும் சில நிறுவனங்களின் பொறியாளர்களும் சேர்ந்து பராமரிக்கும் திறமூலத் திட்டத்திடம் இதைவிட அதிகம் கேட்பது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. இரண்டு பெரும்பதிப்புகளை அருகருகே பராமரிப்பதென்றால் ஒரே ஓட்டையை இரண்டு வேறு கட்டமைப்புகளில் இரண்டு முறை அடைக்க வேண்டியிருக்கும்.

பதிப்பு எண்ணை வாசிப்பதிலேயே பலர் இடறுகிறார்கள். 2.0 முதல் ஏர்ஃப்ளோ பொருள்சார் பதிப்பெண் முறையைக் கடைப்பிடிக்கிறது. மூன்று எண்களில் முதலாவது மாறினால் பழைய நிரல் உடையக்கூடும்; இரண்டாவது மாறினால் புதிய வசதி வரும், பழையது உடையாது; மூன்றாவது மாறினால் திருத்தம் மட்டும். 2 தொடருக்கு ஆதரவு உண்டு என்ற வரியை வாசிக்கும் நிர்வாகி, தன்னிடமுள்ள 2.6க்கும் ஆதரவு உண்டு என்று எடுத்துக்கொள்வது இயல்பு. நடைமுறை அப்படியன்று. திருத்தங்கள் அத்தொடரின் கடைசிச் சிறுபதிப்பில்தான் வருகின்றன, 2.7 வந்தபின் 2.6இல் ஓர் ஓட்டை தெரியவந்தால், அதற்கான மருந்து 2.7க்கோ அதற்குப் பிந்தியதற்கோ ஏறிக்கொள்வதுதான். பெரும்பதிப்பு ஐந்தாண்டுக்கு மேல் நீடித்தாலும் ஒவ்வொரு சிறுபதிப்பின் உண்மையான ஆயுள் அடுத்த சிறுபதிப்பு வெளிவரும்வரை, அதாவது ஒரு சில மாதங்களே. ஆயுள் முடிவுத் திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா என்று நினைக்கும் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

மென்பொருளுக்குத் தன் ஆயுள் மட்டும் போதாது. அதைத் தாங்குபவற்றின் ஆயுளும் வேண்டும். பைத்தானின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ ஐந்தாண்டு வாழ்கிறது. அதன் ஆயுள் முடிந்ததும் ஏர்ஃப்ளோ அடுத்து வரும் சிறுபதிப்பில் அதைக் கைவிடுகிறது. 2021 டிசம்பரில் பைத்தான் 3.6 முடிந்ததும் 2022இல் வந்த ஏர்ஃப்ளோ 2.3 அதை விட்டது. 2023 ஜூனில் 3.7 முடிந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 2.7 அதை விட்டது. ஆகவே பைத்தானின் பழைய பதிப்பில் நின்றுவிட்ட நிறுவனம், பெரும்பதிப்பு மாறாமலே, ஏர்ஃப்ளோவின் ஒரு சிறுபதிப்பில் உறைந்துபோகிறது. பணிகளின் நிலையையும் வரலாற்றையும் சேமித்துவைக்கும் மீதரவுத் தளமாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு தருகிறது. சோதனை நிலையில் இருந்த மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் ஆதரவு 2024இல் வந்த 2.9இல் அகற்றப்பட்டது, அதை நம்பியிருந்தவர்கள் ஏர்ஃப்ளோவைத் தொடும் முன் தரவுத்தளத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பணிகளைக் கொள்கலன்களில் ஓட்டும் குபர்நெட்டீஸ் ஒவ்வொரு சிறுபதிப்பையும் சுமார் 14 மாதம் மட்டுமே தாங்குகிறது. வெளிச் சேவைகளோடு பேசும் புரொவைடர் தொகுப்புகள் 2.0 முதல் ஏர்ஃப்ளோவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பதிப்பெண்களோடு வெளிவருகின்றன. ஏர்ஃப்ளோவின் ஒரு சிறுபதிப்பு வெளிவந்து 12 மாதம் கடந்ததும் புதிய புரொவைடர்கள் அதைக் கைவிடத் தொடங்குகின்றன. ஒரு மேகச் சேவை தன் இடைமுகத்தை மாற்றிவிட்டால், அதற்கேற்ற புரொவைடர் பழைய ஏர்ஃப்ளோவில் ஏறாது.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் முடிவு நாளைக் குறித்தால், நிறுவனத்தின் உண்மையான ஆயுள் முடிவு நாள் எது என்பது தெரிந்துவிடும். அது பெரும்பாலும் ஏர்ஃப்ளோவின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நாளாக இருப்பதில்லை. அவற்றுள் முந்தி வருவதே. இந்தப் பின்னலை ஏர்ஃப்ளோ குழுவே உணர்ந்திருப்பதால்தான், ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்றை வெளியிடுகிறது. எந்தச் சார்புத் தொகுப்பின் எந்தப் பதிப்போடு அந்த வெளியீடு சோதிக்கப்பட்டது என்பதை வரிக்கு வரி பூட்டிவைக்கும் நீண்ட பட்டியல் அது. அந்தக் கோப்பு இல்லாமல் நிறுவப்பட்ட ஏர்ஃப்ளோ முதல் நாள் ஓடினாலும், சார்புத் தொகுப்பொன்று தானாக உயர்ந்த மறுவாரம் ஓடாமல் போகலாம்.

ஆயுள் முடிந்த பதிப்பில் தங்குவதன் ஆபத்து கற்பனையானதன்று. 2020இல் ஏர்ஃப்ளோவில் கண்டறியப்பட்ட இரண்டு குறைகளை எடுத்துக்கொள்ளலாம். சிவிஇ-2020-11978 என்பது, மென்பொருளோடு மாதிரிக்காக வரும் டேக் ஒன்றில் கட்டளையைச் செருகி ஓட்ட முடிந்த ஓட்டை. சிவிஇ-2020-13927 என்பது, சோதனைநிலை நிரல் இடைமுகம் கடவுச்சொல் எதுவும் கேட்காமலே யாருடைய கோரிக்கையையும் ஏற்கும்படி இயல்பமைப்பிலேயே திறந்து கிடந்தது. முதலாவதைத் தூண்ட இரண்டாவது போதும். இரண்டும் சேர்ந்தால் வெளியாள் ஒருவர் அந்தக் கணினியில் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். அந்த ஆண்டே வந்த 1.10.11 இரண்டையும் கவனித்தது. ஆனால் இரண்டாவது குறைக்கான திருத்தம் இயல்பமைப்பை மாற்றியதோடு சரி. புதிதாக நிறுவுவோருக்கு அது போதுமானது. பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொண்டு பதிப்பை மட்டும் உயர்த்தியவர்கள், இடைமுகத்தை மறுக்கச் சொல்லும் வரியைத் தாமே அக்கோப்பில் எழுத வேண்டியிருந்தது. எழுதாதவர்களிடம் பதிப்பெண் மாறியது, கதவு திறந்தே இருந்தது. 1.10 தொடரின் ஆயுள் முடிந்து ஏழு மாதம் ஆன பிறகு, 2022 ஜனவரியில், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா இந்த இரண்டையும் உண்மையாகவே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வந்து ஒன்றரை ஆண்டு கழிந்தும் தாக்குவோருக்கு இலக்குகள் மிச்சமிருந்தன என்பதே இதன் பொருள். அட்டவணை மென்பொருள் இவ்வாறு குறிவைக்கப்படுவதில் வியப்பில்லை. தரவுத்தளங்கள், மேகக் கணக்குகள், பணப் பரிமாற்றச் சேவைகள் என நிறுவனம் தொடும் எல்லா இடங்களுக்குமான சாவிகள் அதனிடம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன.

பாதுகாப்பு ஓட்டைக்கு அஞ்சிப் பதிப்பை உயர்த்தும்போது வேறொரு வகை ஆபத்து வருகிறது. பெரும்பதிப்பு மாற்றத்தில் உடைவன இரண்டு வகைப்படும் என்பதை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். சத்தம் போட்டு உடைபவை முதல் வகை. இறக்குமதிப் பாதை மாறியது, ஒரு வகுப்பு நீக்கப்பட்டது, ஓர் அளவுருவின் பெயர் போனது போன்றவற்றில் டேக் கோப்பே வாசிக்கப்படாமல் திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வரும். 2 தொடரிலிருந்து 3க்கு வருவோருக்கு எக்ஸிக்யூஷன் டேட் என்ற மாறியின் நீக்கம் இந்த வகை. அது கைவிடப்படும் என்று 2021 அக்டோபரில் வந்த 2.2இலேயே அறிவிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டு பதிவேடுகளில் எச்சரிக்கையாக ஓடிக்கொண்டிருந்து, 3.0இல் நீக்கப்பட்டது. அந்த எச்சரிக்கைகளை யாரும் வாசிக்கவில்லை என்பது வேறு கதை. இந்த வகைக்குக் கருவிகளும் உண்டு. 1.10இலிருந்து 2க்கு வருவோருக்காக மேம்படுத்தல் சோதனைத் தொகுப்பு ஒன்று தனியாக வெளியிடப்பட்டது. 3க்கு வருவோர் ரஃப் என்ற பைத்தான் நிரல்சோதனைக் கருவியில் ஏர்ஃப்ளோவுக்கென்றே எழுதப்பட்ட விதிகளை ஓட்டி, உடையப்போகும் வரிகளை முன்கூட்டியே பட்டியலிடலாம்.

இரண்டாம் வகை சத்தமே போடாது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு 3.0இல் கிரான் அட்டவணையின் பொருள் மாறியது. ஒரு டேக் தினமும் நள்ளிரவு 12 மணிக்கு ஓடி, முந்தைய நாளின் விற்பனையைக் கூட்டி அறிக்கையில் சேர்க்கிறது என்று கொள்ளலாம். ஏர்ஃப்ளோ 2இல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தரவு இடைவெளி உண்டு. ஜனவரி 1 நள்ளிரவு தொடங்கி ஜனவரி 2 நள்ளிரவு முடியும் இடைவெளிக்கான ஓட்டம், அந்த இடைவெளி முடிந்த பின்னரே, அதாவது ஜனவரி 2 பிறக்கும்போது தொடங்கும். ஆனால் அந்த ஓட்டத்தின் தருக்கத் தேதி ஜனவரி 1 என்றே குறிக்கப்படும். புதிதாகக் கற்போரைப் பல ஆண்டுகள் குழப்பிய ஏற்பாடு இது என்றாலும், டேக் எழுதியோர் பழகிப்போய், தருக்கத் தேதியை வினவல் வாக்கியத்தில் நேராகச் செருகி, முந்தைய நாளின் விற்பனையை எடுத்துவந்தார்கள். 3.0இல் இயல்பமைப்பு மாறியது. கிரான் வரி இப்போது தரவு இடைவெளியை உருவாக்குவதில்லை; ஓட்டம் எப்போது தொடங்க வேண்டுமோ அதுவே தருக்கத் தேதி. அதே டேக், அதே வரி, அதே நள்ளிரவு. ஆனால் செருகப்படும் தேதி ஜனவரி 2. அப்போதுதான் பிறந்த நாளில் விற்பனை ஏது? வினவல் வெற்றிகரமாக ஓடி, வெறும் தாளை அறிக்கையாக அனுப்பி, பச்சை நிறத்தில் முடிந்துவிடும். இறக்குமதிச் சோதனையும் சொல்லாது, பதிவேடும் சொல்லாது. பழைய பொருளைத் திரும்பக் கொண்டுவர அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அப்படி ஒரு வரி தேவை என்பது தெரிந்திருந்தால்.

விட்டுப்போன ஓட்டங்களை ஈடுசெய்யும் வசதியிலும் இதே நிலை. 2இல் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அட்டவணை நின்றிருந்த நேரத்தில் தவறிய எல்லா ஓட்டங்களையும் ஏர்ஃப்ளோ வரிசையாகத் திரும்ப ஓட்டும். 3இல் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஓட்டாது. மணிக்கு ஒருமுறை ஓடும் டேக் ஒன்று இருக்க, பதிப்பை உயர்த்தவே அட்டவணையை நான்கு மணி நேரம் நிறுத்தியிருந்தால், அந்த நான்கு மணிகளின் தரவில் விழும் பள்ளத்தை முதலில் உண்டாக்குவது மேம்படுத்தல் வேலையே. ஆதலால் இரண்டு பதிப்புகளையும் சில நாள் பக்கத்துப் பக்கமாக ஓட்டி, வெளிவரும் தரவு அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையையும் கூட்டுத்தொகைகளையும் ஒப்பிடுவதைத் தவிர, இவ்வகைப் பிழையைப் பிடிக்க நம்பகமான வழி இல்லை. எல்லாப் பணிகளும் பச்சை நிறத்தில் முடிந்தன என்பதைச் சோதனையின் வெற்றியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது.

3.0இன் இன்னொரு மாற்றம் இந்த ஆய்வின் மையக் கருத்தோடு நேராகப் பொருந்துகிறது. அதுவரை ஒரு பணியின் நிரல் மீதரவுத் தளத்தோடு நேரடியாகப் பேச முடிந்தது. கடைசி ஓட்டம் எப்போது வென்றது, மற்ற டேக்கின் நிலை என்ன என்றெல்லாம் அறிய, பலர் ஏர்ஃப்ளோவின் உள் அட்டவணைகளையே தம் பணிக்குள்ளிருந்து வினவினார்கள். வசதியாக இருந்த இந்தக் குறுக்குவழி, ஏர்ஃப்ளோ தன் உள் அட்டவணைகளின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் பயனர் நிரலை உடைத்தது. 3இல் அந்த வழி அடைக்கப்பட்டு, பணிகள் ஒரு தனி இடைமுகத்தின் வழியாகவே மையத்தோடு பேச வேண்டும் என்றாகிவிட்டது. டேக் எழுதத் தேவையானவையும் தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டன. குறுக்குவழியில் பழகியவர்களுக்கு இந்தப் பெயர்வு கடினமாகவும், டேக்கில் வரிசையை மட்டும் எழுதி உண்மை வேலையைக் கொள்கலனுக்குள்ளோ தரவுக் கிடங்குக்குள்ளோ தள்ளிவைத்தவர்களுக்கு எளிதாகவும் அமைந்தது. கிரான் ஐந்து புலங்களால் பெற்ற விலகலை, ஏர்ஃப்ளோ பத்தாண்டு கழித்து ஓர் இடைமுகத்தின் மூலம் பெற முயல்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மற்ற மென்பொருள்களின் நடைமுறைகள் வேறுபடுகின்றன. குபர்நெட்டீஸ் மேல் ஓடும் ஆர்கோ வொர்க்ஃப்ளோஸ் மிக அண்மைய இரண்டு சிறுபதிப்புகளை மட்டும் பராமரிக்கிறது. குபர்நெட்டீஸின் உள்ளேயே உள்ள கிரான்ஜாப் என்ற அட்டவணை வசதி 1.21இல் நிலையான வடிவம் பெற்றது. அதன் பழைய பீட்டா இடைமுகம் 2022 ஆகஸ்டில் வந்த 1.25இல் நீக்கப்பட்டபோது, பழைய வடிவில் எழுதிவைத்த கோப்புகளைப் புதிய கொத்தணி ஏற்க மறுத்தது. அது சத்தம் போட்டு உடையும் வகை என்பதால் பிடிப்பது எளிது. பிரீஃபெக்ட் 2022இல் தன் இரண்டாம் பெரும்பதிப்பை அடிப்படையிலிருந்தே மாற்றி எழுதியதால், பயனர்களும் தம் பணியோட்டங்களை மாற்றி எழுத நேர்ந்தது. இன்னும் கடுமையான முடிவு திட்டமே நின்றுபோவது. யாகூவில் பிறந்து, ஹடூப் காலத்தின் முதன்மை அட்டவணை மென்பொருளாக விளங்கிய ஊஸி, அப்பாச்சி அறக்கட்டளை ஓய்வுபெற்ற திட்டங்களை வைக்கும் பரணுக்கு 2025இல் அனுப்பப்பட்டது. அங்கே அடுத்த பதிப்பு என்று ஒன்று இல்லாததால் பெயர்வது என்பது வேறு மென்பொருளுக்குப் பெயர்வதுதான். எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதிய ஊஸி பணியோட்டங்களை ஏர்ஃப்ளோ டேக்குகளாக மாற்றும் திறமூலக் கருவி ஒன்றை கூகுள் முன்னரே வெளியிட்டிருந்தது. பிஎம்சியின் கன்ட்ரோல்-எம், பிராட்காமின் ஆட்டோசிஸ், ஐபிஎம்மின் வொர்க்லோட் ஷெட்யூலர் போன்ற வணிக மென்பொருள்களில் பயனர் நிரல் வெளியே நிற்பதால் பின்னல் குறைவு, காலமும் நீளம். அந்த நீளத்துக்கு உரிமக் கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் விலையாகின்றன.

மேக நிறுவனங்கள் தாமே நடத்தித் தரும் ஏர்ஃப்ளோவை எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை அவர்களுடையதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பாதியளவே உண்மை. சர்வரையும் தரவுத்தளத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், டேக்குகள் பயனருடையவையே. அத்தோடு ஏர்ஃப்ளோவின் நாள்காட்டிக்கு மேல் சேவையின் நாள்காட்டி ஒன்றும் வந்து சேர்கிறது. கூகுளின் கிளவுட் கம்போசர் முதல் தலைமுறைச் சேவைக்கு 2026 செப்டம்பர் 15 ஆயுள் முடிவு நாளாக அறிவிக்கப்பட்டது. அதில் ஓடும் ஏர்ஃப்ளோ எந்தப் பதிப்பாக இருந்தாலும் அந்த நாள் பொருந்தும். தம் கணினியில் தாமே நிறுவியவர்கள் ஆயுள் முடிந்த பதிப்பை ஆபத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கலாம், சேவையில் அந்தத் தெரிவும் இல்லை.

ஆயுள் முடிவைத் திட்டமிடுவது இதுவரை பொறியாளரின் பொறுப்புணர்வாக மட்டும் இருந்தது. அண்மைக் காலத்தில் அது சட்டக் கடமையாகவும் மாறிவருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை குறித்த தலைமை வழிகாட்டுதல், ஆதரவு நின்ற மென்பொருளைத் தவிர்க்கவும், ஆதரவு முடியும் நாள்களைத் தொடர்ந்து கண்காணிக்கவும், அந்நாள் வரும் முன்னரே மாற்றுவதற்கான திட்டம் வைத்திருக்கவும் தன் கீழுள்ள நிறுவனங்களைப் பணிக்கிறது. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையின் நான்காம் பதிப்பு, பயன்பாட்டிலுள்ள மென்பொருள்களின் ஆயுள் முடிவுத் திட்டங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்வதை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். அதன்படி மென்பொருள் விற்போர் ஆதரவுக் காலத்தை அறிவிக்க வேண்டும், பொருளின் இயல்பான பயன்பாடு அதைவிடக் குறுகியதாக இல்லாதவரை அது ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. இலவசமாக வழங்கும் திறமூலக் குழுக்களுக்கு இந்தக் கடமை நேரடியாக வருவதில்லை என்றாலும், அவர்களின் மென்பொருளைப் பொதிந்து விற்போருக்கு வரும். ஓராண்டில் ஆதரவை நிறுத்தும் திறமூலத் திட்டத்தை வைத்து ஐந்தாண்டு உறுதி தர வேண்டிய விற்பனையாளர், இடைவெளியைத் தன் சொந்தப் பொறியாளர்களைக் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கும். பழைய பதிப்புக்கான நீட்டித்த ஆதரவு தனி வணிகமாக வளர இது வழிவகுக்கும் என எதிர்பார்க்கலாம்.

நடைமுறையில் பெயர்வு பாலப் பதிப்பில்தான் தொடங்குகிறது. பழைய தொடரின் கடைசி வெளியீடாக இருந்து, புதிய தொடரின் பெயர்களையும் பாதைகளையும் முடிந்தவரை ஏற்கும் பதிப்பு அது; 2க்கு வந்தவர்களுக்கு 1.10.15 அந்தப் பணியைச் செய்தது, 3க்கு வருவோருக்கு 2.11 செய்கிறது. 2.7க்கு முந்தையதிலிருந்து 3க்கு நேராகத் தாவ வழியில்லை என்பதால், பின்தங்கியவர்கள் இரண்டு முறை ஏற வேண்டும். டேக்குகளையெல்லாம் பாலத்தில் நிற்கும்போதே திருத்திவிட்டால், பெரும்பதிப்பு மாறும் இரவில் மாறுவது மென்பொருள் மட்டுமாக இருக்கும். அந்த இரவின் நீளத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: பல ஆண்டுப் பணி வரலாறு மீதரவுத் தளத்தில் கோடிக்கணக்கான வரிசைகளாகச் சேர்ந்திருந்தால், அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளை மணிக்கணக்கில் ஓடும். 2.3இல் வந்த தரவுத்தளத் துப்புரவுக் கட்டளையைக் கொண்டு பழையவற்றைக் காப்பகத்துக்குத் தள்ளியபின் தொடங்குவது நல்லது. அதே பதிப்பில் கீழிறங்கும் கட்டளையும் வந்தது. ஆயினும் உயர்த்துவதற்குச் சற்று முன் எடுத்த முழுப் படியெடுப்பைத்தான் அனுபவசாலிகள் நம்புகிறார்கள். கீழிறங்கும் கட்டளை அட்டவணைகளின் வடிவத்தைத் திருப்பித் தரலாம், இடையில் நீக்கப்பட்ட தரவைத் திருப்பித் தர இயலாது.

புதியது நிலைபெற்ற பிறகு பழைய சர்வரை அணைக்கும் வேலை மிஞ்சுகிறது. திட்ட ஆவணங்களில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும் பகுதி இது. எந்தப் பணி எந்த நாளில் யார் தூண்டி ஓடியது என்பதற்குத் தணிக்கையாளர் சான்று கேட்கக்கூடும் என்பதால், பழைய மீதரவுத் தளத்தின் படியையும் பணிப் பதிவேடுகளையும் வாசிக்க மட்டும் முடியும்படி குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். அந்தப் படியில் வெளிச் சேவைகளின் கடவுச்சொற்கள் ஃபெர்நெட் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கும். சாவியும் படியும் ஒரே இடத்தில் கிடந்தால் மறையாக்கத்துக்குப் பொருளில்லை. ஆகவே புதிய சர்வருக்கு வேலை மாறிய உடனேயே, பழையதில் இருந்த ஒவ்வொரு இணைப்பின் கடவுச்சொல்லும், ஒவ்வொரு சேவைக் கணக்கின் சாவியும் புதிதாக்கப்பட்டு, பழையவை அந்தந்தச் சேவையிலேயே செல்லாததாக்கப்பட வேண்டும்.